பத்தாவது ஆட்டம்

2009 ஜனவரியில் போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணியின் தலைவர் லாரி மில்லர், என்.பி.ஏ.வில் உள்ள மற்ற 29 அணிகளுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். சாரம் இதுதான்: எங்கள் சம்பளக் கணக்கைக் கெடுக்கும் நோக்கத்தில் டேரியஸ் மைல்ஸை யாராவது ஒப்பந்தம் செய்தால் சும்மா விடமாட்டோம், நீதிமன்றம் வரை போவோம்.

மைல்ஸ் அப்போது நட்சத்திரம் ஒன்றும் இல்லை. வயது 27. முந்தைய இரண்டு சீசன்களில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். வலது முழங்கால் போய்விட்டது, இனிமேல் ஆட முடியாது என்று மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். அப்படிப்பட்டவர் எங்கோ ஓர் ஊரில் பெஞ்சிலிருந்து எழுந்து நாலு நிமிடம் ஓடினால் போர்ட்லண்டுக்கு என்ன வந்தது?

1.8 கோடி டாலர் வந்தது. அதற்கு மைல்ஸ் ஆட வேண்டியது வெறும் 10 ஆட்டங்கள்.

பணம் ஒன்று, கணக்கு இரண்டு

ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு ‘பர்ஸ்’ தெரியும். ஏலத்துக்கு வரும் ஒவ்வோர் அணிக்கும் இவ்வளவுதான் பணம். தீர்ந்துபோனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என்.பி.ஏ.வின் சம்பள உச்சவரம்பும் அந்த வகைதான், ஆனால் ஓட்டைகள் அதிகம். 1984-85இல் அணிக்கு 36 லட்சம் டாலர் என்று தொடங்கிய வரம்பு, நம் கதை நடக்கும் 2008-09இல் 5 கோடியே 86 லட்சத்து 80 ஆயிரம் டாலர். 2025-26இல் அது 15 கோடியே 46 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஆட்டக்காரரைத் தக்கவைக்க ஓர் அணி வரம்பை மீறலாம். வெளியிலிருந்து பெரிய சம்பளத்தில் ஆளைக் கூட்டிவர வேண்டுமானால் வரம்புக்குள் இடம் இருந்தாக வேண்டும். அதனால் அங்கே நிர்வாகிகள் பேசும்போது ‘பணம் இருக்கிறதா’ என்று கேட்பதில்லை, ‘இடம் இருக்கிறதா’ என்றுதான் கேட்பார்கள்.

வரம்புக்கு மேலே இன்னொரு கோடு, சொகுசு வரிக் கோடு. 2008-09இல் அது 7 கோடியே 11 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அதைத் தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் அன்று லீகுக்கு இன்னொரு டாலர் கட்ட வேண்டியிருந்தது. வசூலான வரி, கோட்டுக்குக் கீழே அடங்கி நின்ற அணிகளுக்குப் பங்காகப் போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என்.பி.ஏ. ஒப்பந்தங்களில் பெரும்பாலும் சம்பளம் உறுதி. ஆட்டக்காரர் காலை உடைத்துக்கொண்டு படுத்தாலும் காசு அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். அந்தத் தொகை அணியின் வரம்புக்குள்ளும் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆடவே முடியாத ஒருவருக்காக அணி ஆண்டுக்கணக்கில் முடங்கக் கூடாது என்பதற்காக ஒரு விலக்கு வைத்தார்கள். ஆட்டக்காரர் கடைசியாகக் களமிறங்கி ஓராண்டு கழிய வேண்டும். லீகும் வீரர் சங்கமும் சேர்ந்து தேர்ந்தெடுத்த பொதுவான மருத்துவர் அவரைச் சோதிக்க வேண்டும். காயம் அவருடைய ஆட்ட வாழ்க்கையை முடித்துவிட்டது என்று அந்த மருத்துவர் சொன்னால், அணி ஆட்டக்காரரை விடுவித்துவிட்டு அந்தச் சம்பளத்தை வரம்புக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ஆட்டக்காரருக்குப் போகும் பணம் நிற்காது. ஏட்டில் மட்டும் அந்த வரி அழியும்.

இதில் யாராவது தில்லுமுல்லு செய்தால்? அதற்கும் ஒரு பூட்டுப் போட்டார்கள். அந்த ஆட்டக்காரர் திரும்பி வந்து, எந்த அணிக்காக வேண்டுமானாலும் ஒரே சீசனில் 10 ஆட்டம் ஆடிவிட்டால், மருத்துவர் வாக்கு பொய்த்தது என்று பொருள். அழித்த சம்பளம் பழைய அணியின் கணக்கில் மறுபடி ஏறும். ஓர் ஆட்டத்தில் எத்தனை நிமிடம் என்ற கேள்வியே இல்லை. தோல்வி உறுதியான பிறகு கடைசி நிமிடத்தில் இறக்கிவிட்டாலும் ஆட்டம் ஆட்டம்தான்.

எழுதியவர்களின் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மனிதர் குணமாவது இன்னோர் அணிக்கு நஷ்டமாக முடியும் என்ற ஏற்பாடு அந்த வரிகளுக்குள் ஒளிந்திருந்தது. வெளியே வர ஓர் ஆள் தேவைப்பட்டது.

கிழக்கு செயின்ட் லூயிஸ் பையன்

இல்லினாய் மாநிலத்தின் கிழக்கு செயின்ட் லூயிஸ், வறுமைக்கும் வன்முறைக்கும் பெயர்போன ஊர். அங்கிருந்து கல்லூரி வாசலை மிதிக்காமலே 18 வயதில் என்.பி.ஏ.வுக்கு வந்தவர் மைல்ஸ். அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2000ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக வந்த யாரும் அதுவரை அவ்வளவு முன்வரிசையில் தேர்வானதில்லை. முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகங்களின் முதல் ஐவரில் இடம்பிடித்தார். பள்ளியிலிருந்து நேரே வந்தவர்களில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். நண்பர் குவெண்டின் ரிச்சர்ட்சனோடு சேர்ந்து, கூடை விழுந்ததும் இரண்டு கை முஷ்டியாலும் தலையில் தட்டிக்கொள்வார். அமெரிக்காவின் பள்ளி மைதானங்களில் பையன்கள் அதையே செய்து காட்டிய காலம் ஒன்று இருந்தது.

2002இல் கிளிப்பர்ஸ் அவரை கிளீவ்லண்டுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆண்ட்ரே மில்லர் என்ற பாயின்ட் கார்டை வாங்கிக்கொண்டது. 2004 ஜனவரியில் அங்கிருந்து போர்ட்லண்ட். (அதே மாதம் அவர் நடித்த ‘தி பர்ஃபெக்ட் ஸ்கோர்’ படமும் வெளியானது. உடன் நடித்தவர்களில் இருவர் ஸ்கார்லெட் ஜோஹான்சனும் கிறிஸ் எவான்ஸும்.) அந்தக் கோடையில் போர்ட்லண்ட் அவருக்கு 6 ஆண்டுக்கு 4.8 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது.

கொடுத்த பணத்துக்கு ஏற்ற ஆட்டம் எப்போதாவது வந்தது. 2005 ஏப்ரலில் டென்வருக்கு எதிராக 47 புள்ளிகள் குவித்தார். அதே சீசனில் பயிற்சியாளர் மாரிஸ் சீக்ஸோடு வாய்த்தகராறு முற்றி, அணி அவரை இடைநீக்கம் செய்ததும் நடந்தது. அப்போது போர்ட்லண்டுக்குப் பொதுவாகவே பெயர் சரியில்லை. ஆட்டக்காரர்கள் போலீஸ் கேஸ்களில் அடிக்கடி சிக்கியதால் ‘ஜெயில் பிளேசர்ஸ்’ என்று கேலி பேசினார்கள். அந்த அழுக்கைக் கழுவ நினைத்த நிர்வாகம் 2006இல் பிராண்டன் ராய், லாமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் ஆகியோரையும், 2007இல் முதல் தேர்வாக கிரெக் ஓடனையும் கொண்டுவந்தது. புது வீடு கட்டியவர்களுக்கு மைல்ஸ் பழைய கடனாகத் தெரிந்தார். இதை எங்கும் எழுதி வைக்கவில்லைதான், ஆனால் பின்னால் நடந்ததைப் பார்த்தால் வேறு மாதிரி எண்ண வழியில்லை.

எலும்பில் போட்ட ஓட்டைகள்

2006 நவம்பரில் மைல்ஸின் வலது முழங்காலில் நடந்தது மைக்ரோஃபிராக்சர் அறுவை சிகிச்சை. பெயரைக் கேட்டால் சின்ன விஷயம்போல இருக்கும். முழங்காலில் தொடையெலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு வழுவழுப்பானது. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் தேய்ந்தால் தானாக வளராது. மருத்துவர் மூட்டுக்குள் நுண்கேமராவைச் செலுத்தி, பிய்ந்து தொங்கும் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கூர்மையான ஊசிமுனைக் கருவியால் வெறும் எலும்பில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் சின்னச் சின்ன ஓட்டைகள் போடுவார். மஜ்ஜையிலிருந்து ரத்தம் கசிந்து மேலே வந்து உறையும். அந்த உறைவிலிருந்து மெல்ல ஒரு திசு வளரும். கொலராடோ மாநிலத்தின் வெய்ல் நகரில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் என்ற எலும்பு மருத்துவர் 1980களில் உருவாக்கிய முறை இது.

வளர்வது பழைய குருத்தெலும்பு இல்லை என்பதுதான் சிக்கல். நார்த்தன்மை கூடிய, தழும்பு போன்ற மாற்றுச் சரக்கு அது. நடக்கப் போதும். 100 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு பத்தடி உயர வளையத்துக்குத் தாவி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டியவனுக்குப் போதுமா என்பதைக் காலம்தான் சொல்லும். தொடக்கத்தில் ஆறு முதல் எட்டு வாரம் அந்தக் காலில் எடை தாங்கக் கூடாது, ஊன்றுகோல்தான். படுத்த இடத்தில் காலை ஓர் இயந்திரத்தில் கட்டி, மணிக்கணக்கில் மடக்கி நீட்டிக்கொண்டே இருப்பார்கள். பிறகு பிசியோதெரபி. களத்துக்குத் திரும்ப ஓராண்டு வரை ஆகும், திரும்பினால்.

2005இல் அதே சிகிச்சைக்குப் போன அமரே ஸ்டோடமைர் ஓராண்டில் பழைய வேகத்தில் வந்து எல்லாரையும் அசத்தினார். ஆனால் கிறிஸ் வெபர், பென்னி ஹார்டவே போன்றவர்கள் சிகிச்சைக்குப் பிறகு முன்பிருந்த ஆட்டக்காரர்களாக இல்லை. போர்ட்லண்டின் கிரெக் ஓடனும், அணிக்காக ஓர் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே, 2007 செப்டம்பரில் இதே சிகிச்சைக்குப் படுத்தார். ஒரே அணியின் இரண்டு பெரிய முதலீடுகளிலும் ஒரே மாதிரி ஓட்டைகள்.

மைல்ஸ் 2006-07 முழுக்க ஆடவில்லை, 2007-08லும் ஆடவில்லை. பொது மருத்துவர் பார்த்தார், முடிந்தது என்றார். 2008 ஏப்ரலில் போர்ட்லண்ட் அவரை விடுவித்தது. மீதமிருந்த இரண்டு சீசன்களுக்குத் தலா 90 லட்சம் டாலர், மொத்தம் 1.8 கோடி, வரம்புக் கணக்கிலிருந்து அழிந்தது. பணம் மட்டும் மைல்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவர் நினைத்திருந்தால் அதை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து ஆடுவதால் அவருக்குப் புதிதாகக் கிடைக்கக்கூடியது லீகின் குறைந்தபட்சச் சம்பளம்தான். இந்த விவகாரத்தில் பணத்தால் பெரிதாக லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரே ஆள் மைல்ஸ் என்பதைப் பலர் அன்று கவனிக்கவில்லை.

எண்ணத் தொடங்கினார்கள்

2008 ஆகஸ்டில் நடப்பு சாம்பியன் பாஸ்டன் செல்டிக்ஸ் அவரைச் சோதித்துப் பார்க்க எடுத்தது. லீகின் மருந்து விதியை மீறியதற்காக 10 ஆட்டத் தடை அவர்மீது தொங்கிக்கொண்டிருந்தும் எடுத்தது. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் ஆறில் ஆடினார். அக்டோபரில் விடுவித்துவிட்டார்கள். போர்ட்லண்ட் மூச்சு விட்டது.

டிசம்பரில் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அவரை எடுத்தது. ஓரிரு ஆட்டம் இறக்கிவிட்டு, சம்பளம் முழு சீசனுக்கும் உறுதியாகும் ஜனவரிக் கெடுவுக்கு முன்னால் விடுவித்தது. இதற்குள் ஒரு சந்தேகம் கிளம்பியிருந்தது: பாஸ்டனுக்காக ஆடிய ஆறு பயிற்சி ஆட்டங்களும் அந்தப் பத்தில் சேருமா? சேரும் என்றது லீக். யார் சட்டையில் ஆடினாலும் ஆட்டம் ஆட்டம்தான். கணக்கு ஒரே நாளில் தலைகீழானது. வெகுதூரத்தில் இருந்த பத்து, கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

மின்னஞ்சல் பறந்தது அப்போதுதான். போர்ட்லண்டின் அன்றைய உரிமையாளர் பால் ஆலன், மைக்ரோசாஃப்டை பில் கேட்ஸோடு சேர்ந்து தொடங்கியவர். அமெரிக்க விளையாட்டு உரிமையாளர்களிலேயே பெரும் பணக்காரர்களில் ஒருவர். அவருடைய அணி, பெஞ்சில் உட்காரும் ஓர் ஆட்டக்காரருக்காக ஊரெல்லாம் மிரட்டல் கடிதம் அனுப்பியது. பில்லி ஹண்டர் தலைமையில் இருந்த வீரர் சங்கம் கொதித்தது. ஓர் ஆட்டக்காரரின் பிழைப்பைத் தடுக்க ஓர் அணி மற்ற அணிகளைத் தூண்டுவது விதிமீறல் என்று போர்ட்லண்ட் மீது முறையீடு தொடுத்தது.

மெம்ஃபிஸ் அசரவில்லை. கடிதம் வந்த சூட்டோடு மைல்ஸைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் திரும்ப எடுத்தது. ஜனவரி நடுவில் அவர் பத்தாவது ஆட்டத்தையும் ஆடி முடித்தார். 1.8 கோடி மறுபடி போர்ட்லண்டின் ஏட்டில் ஏறியது. அந்த சீசனில் சொகுசு வரி கட்டிய அணிகளின் பட்டியலில் போர்ட்லண்டும் சேர்ந்தது.

மெம்ஃபிஸின் உள்நோக்கம் என்ன? இரண்டு பக்கமும் பேசலாம். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விஷயத்தை இப்போது எடுப்போம். மைல்ஸின் ஓராண்டுச் சம்பளமான 90 லட்சமும் வரிக் கோட்டுக்கு மேலே விழுவதாக வைத்து முப்பதால் வகுத்தால், வரி கட்டாத ஒவ்வோர் அணிக்கும் 3 லட்சம் டாலர் கிடைக்கும். அதோடு மேற்குப் பிரிவில் வளர்ந்துவரும் ஒரு போட்டியாளரின் கோடைத் திட்டமும் நொறுங்கும். இன்னொரு பக்கம், மெம்ஃபிஸ் அந்த சீசனில் 82 ஆட்டத்தில் 24தான் வென்றது. இழக்க ஒன்றுமில்லாத அணி, ஒரு காலத்தில் மூன்றாவது தேர்வாக வந்த 27 வயது ஆட்டக்காரரை மலிவாகச் சோதித்துப் பார்ப்பதில் அதிசயம் எதுவும் இல்லை.

எனக்குத் தோன்றுவது: வெறும் வஞ்சகம் என்றால் பத்தாவது ஆட்டம் முடிந்த மறுநாளே கைகழுவியிருப்பார்கள். மெம்ஃபிஸ் அவரை சீசன் முடியும் வரை வைத்திருந்தது. 34 ஆட்டம் ஆடினார். சராசரி 3.5 புள்ளிகள். ஆல்-ஸ்டார் ஆட்டம் கிடையாது, ஆனால் ஆட்டமே முடிந்துபோன ஆள் தரும் எண்ணும் இல்லை. இடையில் மெம்ஃபிஸின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற லயனல் ஹாலின்ஸ், 1977இல் போர்ட்லண்ட் தன் ஒரே சாம்பியன் பட்டத்தை வென்றபோது அந்த அணியில் ஆடியவர். பழைய ஊர் பாசத்தில் அவரும் மைல்ஸை உட்காரவைத்துவிடவில்லை.

போர்ட்லண்டின் இழப்பு 2009 கோடையில்தான் உறைத்தது. 54 வெற்றி பெற்ற இளம் அணி. ஒரு நல்ல ஆளைச் சேர்த்தால் பட்டத்துக்கே போட்டியிடலாம். மைல்ஸின் 90 லட்சம் அடைத்துக்கொண்டதுபோக மீதி இடத்தை வைத்துக்கொண்டு அலைந்தார்கள். ஹெடோ துர்கோலு வருவதாகச் சொல்லிவிட்டு டொராண்டோவுக்குப் போய்விட்டார். பால் மில்சாப்புக்கு 4 ஆண்டுக்கு 3.2 கோடி டாலர் நீட்டினார்கள். அவருடைய அணியான யூட்டா அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொண்டது. கடைசியில் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர் ஆண்ட்ரே மில்லர், ஏழு ஆண்டுக்கு முன்பு மைல்ஸோடு மாற்றிக்கொள்ளப்பட்ட அதே ஆள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள்

விதி தொழிலாளியின் பெயரில் முதலாளிகளின் சண்டையாகிவிட்டதை லீக் புரிந்துகொண்டது. லீகும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்தில் 10 ஆட்டம் 25 ஆனது. எண்ணைத்தான் மாற்றினார்கள், எண்ணுவதை நிறுத்தவில்லை.

அதே 2011இல் போர்ட்லண்டுக்கு மறுபடி முழங்கால் சோதனை. பிராண்டன் ராயின் இரண்டு முழங்காலிலும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. அந்த ஏப்ரலில் டல்லாஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில், 23 புள்ளி பின்தங்கிய அணியை, கடைசிக் கால்பகுதியில் மட்டும் 18 புள்ளி எடுத்து ஜெயிக்கவைத்தவர் அவர். டிசம்பரில் ஓய்வு அறிவித்தார். போர்ட்லண்ட் இம்முறை மருத்துவர் வழியை நாடவில்லை. ஒவ்வோர் அணியும் ஒருமுறை ஒருவரின் சம்பளத்தைக் கணக்கிலிருந்து நீக்கலாம் என்று அந்த ஆண்டு கொடுத்த சலுகையை ராய்மீது பயன்படுத்தியது. சூடு கண்ட பூனை. ராய் 2012இல் மினசோட்டாவுக்காகத் திரும்பி வந்து ஐந்தே ஆட்டம் ஆடினார். போர்ட்லண்டிலிருந்து எந்தக் கடிதமும் போகவில்லை, போக வேண்டிய தேவை இல்லை. ஆட்டங்களை எண்ண யாருமில்லாததால் அவர் வருகை ஒரு நல்ல ஆட்டக்காரரின் கடைசி முயற்சியாக மட்டும் இருந்தது.

கிறிஸ் போஷின் கதை முழங்காலைவிடப் பயங்கரம். 2015 பிப்ரவரியில் நுரையீரலில் ரத்தக்கட்டு. அடுத்த பிப்ரவரியில் கெண்டைக்காலில். அவர் ஆட விரும்பினார், மயாமி ஹீட் விடவில்லை. 2016 செப்டம்பரில் உடல்தகுதிச் சோதனையில் தேறவில்லை என்று அறிவித்தது. 2016-17 போக எஞ்சிய இரண்டு சீசனுக்கு 5 கோடி டாலருக்கு மேல் பாக்கி. போஷ் வேறோர் அணியில் 25 ஆட்டம் ஆடினால் மயாமியின் கணக்கு சிதறும். மைல்ஸ் கதையின் பெரிய பதிப்பு தயாராக இருந்தது. 2017இல் அணி, லீக், சங்கம், போஷ் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அவர் எங்கே ஆடினாலும் ஆடாவிட்டாலும் அந்தச் சம்பளம் மயாமியின் வரம்புக்குத் திரும்பி வராது. ஜூலை 4 அன்று அவரை விடுவித்தார்கள். அவர் பிறகு ஆடவில்லை. 2021இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

சிகாகோவின் லான்சோ பால் இன்னொரு வழியைக் காட்டினார். 2022 ஜனவரிக்குப் பிறகு இரண்டு முழு சீசன்களைத் தொலைத்தவர். 2023 மார்ச்சில் அவருடைய முழங்காலில் குருத்தெலும்பு மாற்று சிகிச்சையே நடந்தது. 4 ஆண்டு, 8 கோடி டாலர் ஒப்பந்தத்தைச் சுமந்துகொண்டு சிகாகோ காத்திருந்தது. 2024-25இல் அவர் திரும்பி வந்து 35 ஆட்டம் ஆடினார். அவசரப்பட்டுச் சம்பளத்தை அழித்துவிட்டு அவரை வேறு அணிக்கு விட்டிருந்தால், அதே 35 ஆட்டம் சிகாகோவுக்கு எதிரான சாட்சியாக மாறியிருக்கும். சிகாகோ அவரைப் பிறகு கிளீவ்லண்டுக்குக் கொடுத்து ஐசக் ஒகோரோவை வாங்கிக்கொண்டது.

மைல்ஸ் 2010இல் ஷார்லட் பயிற்சி முகாமில் ஒருமுறை முயன்றார், இடம் கிடைக்கவில்லை. 2016இல் திவால் மனு போட்டார். பிறகு தன் மன அழுத்தத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். பழைய நண்பர் ரிச்சர்ட்சனோடு ‘நக்கிள்ஹெட்ஸ்’ என்ற பாட்காஸ்ட் தொடங்கி, மைக் முன்னால் சிரித்துப் பேசும் ஆளாக மீண்டும் வந்தார்.

போர்ட்லண்டின் கோபத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மருத்துவரைத் தேர்ந்தெடுத்தது அது இல்லை. தீர்ப்புத் தவறினால் அபராதம் மட்டும் அதற்கு. ஆனால் அந்த நியாயத்தைக் கொண்டுபோய் ஓர் ஆட்டக்காரரின் வேலைவாய்ப்பின் மீது வைத்ததை ஏற்க முடியாது. மருத்துவரும் பொய் சொல்லவில்லை. 2008இல் அவர் பார்த்த முழங்கால் அப்படித்தான் இருந்திருக்கும். உடம்பு சில நேரம் சான்றிதழைப் படிப்பதில்லை. போஷுக்கு மட்டும் பேசிக் கொடுத்ததை விதியாகவே எழுதிவிடலாம்: பொது மருத்துவர் ஒருமுறை சொல்லி நீக்கிய சம்பளம் நீக்கியதுதான், அந்த ஆட்டக்காரரைப் பழைய அணி திரும்ப எடுக்கக் கூடாது, அவர் வேறு எங்கே எத்தனை ஆட்டம் ஆடினாலும் யாரும் எண்ண வேண்டாம். பத்தை இருபத்தைந்தாக்கியது போதாது. அந்த எண்ணையே எடுத்துவிட வேண்டும்.